முப்பத்தேழாம் முகம்

இந்தப் பொம்மைப்படக் கூடத்தில் சேர்ந்த அன்றைக்கே உங்கள் முன்னால் ஒரு நீல நோட்டை நீட்டிக் கையெழுத்து கேட்டிருப்பார்கள். "யாருடைய முகத்தைப் பார்த்தாவது பொம்மை செய்வதாக இருந்தால், செய்வதற்கு முன்னால் அந்த ஆளிடம் போய்க் கேட்பேன்" என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கும். உங்களில் ஒருவர், "இது என்ன, பெண் கேட்டுப் போகிற மாதிரி!" என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். நன்றாகச் சிரியுங்கள். அந்த நோட்டு வரக் காரணமான முட்டாள் நான்தான். இதை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு வருடச் சேவைக்குக் கிடைத்த மரியாதை.

என்னைத் தெரியாதவர்களுக்காக: மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு வாசனை போகாத அந்தப் பழைய கிடங்கில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில், பொம்மை செய்து, பொம்மையை அசைத்து, அதற்கே வயதானவன் நான். கை நடுங்க ஆரம்பித்ததும் அனுப்பி வைத்துவிட்டார்கள். கோபம் இல்லை. கொச்சி வெயிலில் என் பொம்மைகள் மட்டும் ஊட்டியில் நிற்பதுபோல் நடுங்கினால் யார்தான் பொறுப்பார்கள்?

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை, இன்னொரு படம். நாள் முழுக்கக் குனிந்து நின்றால் திரையில் நாலு விநாடி. என் மனைவி சாயங்காலம் கேட்பாள்: "இன்னைக்கு என்ன நடந்தது?"

"பொம்மை தலையைத் திருப்பிச்சு."

"முழுசாவா?"

"பாதி."

அதற்குமேல் அவள் கேட்டதில்லை.

அந்த வருடம் ஒரு பத்து நிமிடப் படம் செய்துகொண்டிருந்தோம். ஏழு பேர், ஏழு மாதம். எங்களுக்குத் தலைவி ஒரு அம்மாள். வைப்பினிலிருந்து தினமும் காலை படகில் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் நான் உட்பட எல்லாரும் 'சேச்சி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்; அவர் என்னைச் 'சேட்டா', அண்ணன், என்பார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

படத்தின் கதை எளியது. துணி தேய்க்கும் ஒரு பெரியவர். மனைவி இறந்துவிடுகிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் சேலையைத் தன் மேசையில் விரித்துத் தேய்த்து மடிக்கிறார். கடைசியில் அழுகிறார். முடிந்தது. கதை சொல்லும் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது சேச்சி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இது எப்படித் தோணிச்சு சேட்டா?" என்று கேட்டார்.

"சும்மா, சாயா குடிக்கும்போது தோணிச்சு" என்றேன். சாயா குடித்தது மட்டும்தான் அதில் உண்மை.

நடந்தது இது. செட்டுக்குப் பின்னால் நாம் கட்டும் நீலத் துணி இருக்கிறதே, நம் ஊர் ஈரத்தில் வாரம் ஒரு தடவை தொய்ந்து சுருங்கும். சின்னச் சுருக்கம் விழுந்தாலும் படத்தில் வானம் விரிசல் விட்டதுபோல் தெரியும். அதைத் தேய்க்க நான்தான் ஸ்கூட்டரில் வேளிப் பக்கம் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். தலைமுறை தலைமுறையாக அங்கே வெளுக்கிற தமிழ்க் குடும்பங்கள். அங்கே வேலாயுதண்ணன் என்று ஒருவர். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட இரும்புப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே வலது புருவத்தின் வால் கரிந்து, பிறகு முளைக்கவே இல்லை. என் துணிக்கு அவர் வைத்த பெயர் 'ஆகாசம்'. "ஆகாசம் நாளைக்கு ரெடி சாரே" என்பார். வேறெந்தப் பேச்சும் அவரிடம் வாங்க முடியாது.

பேச்சு வாங்க முடியாவிட்டால் என்ன? முகத்தை வாங்கிக்கொண்டேன். எதிரே சாயாக் கடையில் உட்கார்ந்து, போன் பேசுவதுபோல் பாவனை செய்து படம் எடுத்தேன். கன்னச் சதை, தாடை, அந்த அரைப் புருவம், ஒன்றையும் விடவில்லை. கதையை அங்கே துணிக்குக் கஞ்சி போடும் சரசக்காவிடம் வாங்கினேன். "அண்ணி போய்ப் பதினாறு கழிஞ்ச அன்னைக்கே வந்துட்டார் சாரே. அவ சேலைய எடுத்து விரிச்சு, தேச்சு, மடிச்சு வச்சார். மாம்பழக் கலர், பச்சைக் கரை. யாருக்கும் குடுக்கல" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அழுகையை நான் சேர்த்தேன். அழாமல் எப்படிப் படம் முடியும்?

பொம்மை ஒரு சாண் உயரம். அதற்கு நாற்பத்தொரு முகங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் கடுகளவு காந்தம். மண்டையில் ஒட்டினாலும் கழற்றினாலும் 'டிக்' என்று ஒரு சத்தம். சிரிப்பு, முறைப்பு, கொட்டாவி, எல்லாவற்றுக்கும் பின்னால் எண் எழுதி இரண்டு முட்டை அட்டைகளில் அடுக்கியிருந்தோம். முப்பத்தேழாவது, அழுகிற முகம். அதற்கு மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். வாய்க் கோணல், மூக்கின் ஓரச் சுருக்கம், பசையில் திரட்டிய ஒரு கண்ணீர்த் துளி. பார்த்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். நானே இரண்டு தடவை வாயடைத்துக் காட்டினேன், மற்றவர்களுக்கு வழி தெரியட்டும் என்று.

படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்பப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வானமே வராத கடைசிக் காட்சி; நாலு நாளாக அதில் நிற்கிறேன். பொம்மை மேசைக்கு வந்தாயிற்று, பெட்டியைத் தூக்கியாயிற்று, சேலை பாதி தேய்ந்தாயிற்று. இனி முப்பத்தேழு. இந்த மாதிரி நேரத்தில் மேசை நூலளவு நகர்ந்தாலும் நாலு நாளும் குப்பை. அதனால் கதவில் நானே பலகை எழுதி மாட்டியிருந்தேன்: 'மேசையைத் தொடுபவர் கை எடுக்கப்படும்.' தமிழிலும் மலையாளத்திலும். மற்ற ஆறு பேரும் அந்தப் பக்கம் வருவதற்கே பயந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பொம்மையின் காலைப் பிடித்திருக்கும் திருகை முடுக்க மேசைக்கு அடியில் படுத்திருக்கிறேன். செட்டைச் சுற்றிக் கட்டிய கறுப்புத் திரைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. தண்ணீரிலேயே நின்று வெளுத்து வெடித்த குதிகால்கள். நம் ஆட்கள் யாருக்கும் அப்படிக் கால் கிடையாது. யார் என்று யோசிப்பதற்குள் மேலே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். யாரோ முகத்தைக் கழற்றுகிறார்கள்!

"யாரடா அது!" என்று எழுந்தேன். எங்கே இருக்கிறேன் என்பது மறந்துவிட்டது. மண்டை மேசையில் இடித்தது. பொம்மை சாய்ந்து, குட்டி இஸ்திரிப் பெட்டி உருண்டு, நாலு நாள் போயிற்று. பலகையில் எழுதியபடி பார்த்தால் என் தலையை எடுக்க வேண்டும்.

தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தோளில் என் ஆகாசத்தைச் சுற்றிய மூங்கில் கழி. கையில், மாதிரிக்காக வைத்திருந்த மண்டையிலிருந்து கழற்றிய சிரிக்கிற முகம். அதைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் வேலாயுதண்ணன். இரண்டு அரைப் புருவங்கள், நேருக்கு நேர். ஒன்று கட்டைவிரல் நகத்தளவு.



"நாலு நாளா சாரைக் காணோம். மழை வரும்போலருந்தது. அதான் நானே கொண்டாந்தேன்" என்றார், முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, "இது யாரு?"

"அது... பொதுவா ஒரு ஆள் அண்ணே. கற்பனை."

அவர் மெதுவாக வலது பக்கம் என் பக்கம் வரும்படித் திரும்பினார். "கற்பனைக்கும் புருவம் கரிஞ்சு போச்சா சாரே?"

நான் ஜோக்கடித்துத் தப்பிக்காத இடம் என்று என் வாழ்க்கையில் அதுவரை ஒன்று இருந்ததில்லை. அன்றைக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவர் முட்டை அட்டைகளைப் பார்த்தார். வரிசை வரிசையாகத் தானே கொட்டாவி விட்டுக்கொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டும் கிடப்பதைப் பார்த்தார். பிறகு செட்டுக்கு வந்தார். சாய்ந்து கிடந்த பொம்மையை அவர் தொடவில்லை. கைக்குட்டையைவிடச் சின்னதாக மேசையில் விரிந்திருந்த மாம்பழ நிறச் சேலையின்மேல் குனிந்தார்.

"கரை இதவிடச் சின்னது" என்றார்.

சத்தம் கேட்டு வந்த சேச்சி அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றார். அவர் வேலாயுதண்ணன் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேட்டா, இந்தக் கதை எவிடேந்து கிடைச்சு?"

"சாயா..." என்று ஆரம்பித்தேன்.

"மிண்டாதே" என்றார். வாயை மூடு என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

பிறகு அவர் செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாற்காலியை இழுத்து வேலாயுதண்ணனை உட்காரச் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். "கேக்காம எடுத்தது தெற்று, பெரிய தப்பு. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, பொம்மை, முகம், படம் எல்லாத்தையும் பெட்டியில போட்டு உங்க கையில தந்துடறேன். நெஜமா" என்றார்.

ஏழு பேர், ஏழு மாதம்! "சேச்சி..." என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மிரட்டுவதற்கோ நல்ல பெயர் வாங்குவதற்கோ பேசவில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. ஒரு துணி தேய்க்கிற மனுஷர் தலையை ஒரு பக்கம் ஆட்டினால் படம் உண்டு, இன்னொரு பக்கம் ஆட்டினால் இல்லை.

அவர் இரண்டு பக்கமும் ஆட்டவில்லை. "எடுத்தவரைக்கும் காட்டுங்க" என்றார்.

காட்டினோம். ஒலி சேர்க்காத படம். மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒன்பதரை நிமிடமும் இமைக்காமல் பார்த்தார். பொம்மை பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோனபோது மட்டும் தொண்டைக்குள் ஒரு சத்தம். சிரிப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "கரி கம்மியா இருக்கு. அவ்வளவு லேசாத் தூக்க முடியாது" என்றார். அது உண்மை. பெட்டியின் கனத்தை நான் மறந்திருந்தேன். ஏழு மாதத்தில் ஏழு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கடைசியில், சோதனைக்காக எடுத்து வைத்திருந்த மூன்று விநாடி வந்தது. முப்பத்தேழு. என் பொக்கிஷம்.

அவர் எழுந்துவிட்டார்.

அட்டையில் தேடினார். எண்ணைப் பார்க்கவில்லை, முகத்தை வைத்தே கண்டுபிடித்தார். எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மத்ததெல்லாம் வச்சுக்கங்க. சிரிக்கட்டும், மொறைக்கட்டும், என்னமும் பண்ணட்டும். இது வேண்டாம். இது நான் இல்ல" என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "ஆகாசத்தை மடக்கிடாதீங்க. கழியிலயே சுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். படம் பிழைத்துவிட்டது என்று சேச்சி பெருமூச்சு விட்டார். எனக்கோ முப்பத்தேழு போனதுதான் நெஞ்சில் நின்றது. கடைசிக் காட்சியை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், அழுகிற முகம் இல்லை. ஆனால் அச்சு இருந்தது! ரெசின் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் இன்னொரு முப்பத்தேழு. "அவர் கொண்டுபோனது போகட்டும் சேச்சி. அச்சு நம்மகிட்ட இருக்கே" என்று சொல்லியே விட்டேன். சொல்லும்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

சேச்சி எழுந்தார். உள்ளே போய் அந்த அச்சை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு சுத்தியலையும் வைத்தார். "நான் சாயா குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் சாயா குடிக்க ஐந்து நிமிடம் போதும். அன்று இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். நானும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தர்மத்தை எண்ணி அல்ல. அந்த மூக்கோரச் சுருக்கம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கடைசியில், "இது நான் இல்ல" என்று அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவர் மூஞ்சியை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேனே என்று திடுக்கிட்டேன். சுத்தியலை எடுத்தேன். முதல் அடி என் கட்டைவிரலில். இரண்டாவதில் அச்சு உடைந்தது. சேச்சி வந்து துண்டுகளைப் பார்த்துவிட்டு என் விரலுக்கு ஐஸ் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் செட்டைச் சரிசெய்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். கரையைப் பாதியாக வெட்டினேன். பெட்டியைக் கனமாகத் தூக்க வைத்தேன். சேலையை மடித்தும் முடித்தாயிற்று. இனி என்ன? மிச்சமிருக்கும் நாற்பது முகங்களில் எதை வைத்தாலும் பொய். முறைத்தால் பொய், சும்மா பார்த்தாலும் பொய். என்னிடம் முகம் இல்லை. முகம் இல்லாதவன் என்ன செய்வான்? பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். இரண்டு விநாடியில் திரும்புகிறார். பிறகு முதுகு மட்டும். தோள் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. முடிந்தது. பார்த்தவர்கள், "அடடா, என்ன அடக்கம்!" என்றார்கள். அடக்கமாவது ஒன்றாவது, அது பயம். ஆனால் பாராட்டை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சேச்சி ஒரு நிபந்தனை போட்டார்: எங்கே அனுப்புவதானாலும் முதலில் சலவைக்கூடத்தில் காட்ட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேய்க்கும் கொட்டகையின் கதவுகளைச் சாத்தி, வேலாயுதண்ணன் தேய்த்த படுக்கை விரிப்பையே கட்டிப் படத்தை ஓட்டினோம். முப்பது பேர் இருப்பார்கள். முதல் காட்சியிலேயே ஆரவாரம். "ஏய், வேலாயுதண்ணன்டா!" "பொம்மைக்குக் கொஞ்சம் கூலி குறைச்சுக் குடுங்கப்பா, நம்ம அண்ணனவிட வேகமாத் தேய்க்குது!" அவர் தன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சேலை வந்ததும் கொட்டகை அடங்கியது. பொம்மை தேய்த்தது, மடித்தது, சுவரைப் பார்த்துத் திரும்பியது. தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. விரிப்பு வெள்ளையானது.

யாரோ கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் எல்லாரும் அவர் இருந்த பக்கம் திரும்பினோம்.

வேலாயுதண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

கால்களுக்கு நடுவே அதே இடைவெளி. தலை அதே அளவு சாய்வு. நான் ஆயுள் முழுக்க அசைவை எண்ணிப் பிழைத்தவன்; என்னையறியாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். தோள் ஏறியது. இறங்கியது. ஒரே தடவை.

பக்கத்தில் சரசக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் கஞ்சியில் ஊறிச் சில்லென்று இருந்தன. "அன்னைக்கும் இப்படித்தான் சாரே நின்னார். இதே சுவரு. நான் இத உங்ககிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். "யாரு சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். எது வேண்டாம் என்று அவர் சொன்னாரோ, அதை விட்டதும் உண்மை தானாக வந்து நின்றுவிட்டது. என் திறமை அதில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டது மட்டுமே. ஆகவே பிள்ளைகளே, முகம் வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். தருகிறேன், ஆனால் இது மட்டும் வேண்டாம் என்றால், தயவுசெய்து வாதாடாதீர்கள். சாயாக் கடைக்குப் போகிறவர் திரும்பி வருவதற்குள் அச்சை உடைத்துவிடுங்கள். விரல் ஜாக்கிரதை.

அடுத்த வாரம் ஆகாசத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போலச் சலவைக்கூடத்துக்குப் போனேன். வேலாயுதண்ணன் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேசைக்கு மேலே கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில், கண் உயரத்தில், ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முப்பத்தேழு. வாய்க் கோணல், மூக்கோரச் சுருக்கம், பசைக் கண்ணீர் எல்லாம் அப்படியே. கரி வெக்கையில் கண்ணீர் மட்டும் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது.

"அண்ணே, இது நீங்க இல்லன்னு சொன்னீங்களே?" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல்.

அவர் ஆகாசத்தை வாங்கி மேசையில் விரித்தார். தண்ணீர் தெளித்தார்.

"நான் இல்லதான். அவன் அங்க இருந்து அழுதுக்கட்டும் சாரே" என்றார். "எனக்கு வேலை கெடக்கு."